மேல் வீட்டுக் கசிவு

லேப் சார் உண்மையில் சார் இல்லை. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். குடுவைகளைக் கழுவி அடுக்குவது, பிள்ளைகள் அமிலத்தைக் கையில் ஊற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, உடைந்த தராசைச் சரிசெய்வது, இதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் உத்தியோகம். தெருவில் யாரோ ஒருதடவை "லேப் சார்" என்று கூப்பிட, அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அதுவே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆய்வகத்துச் சட்டம் வீட்டிலும் செல்லும் என்பது அவர் கட்சி. ஹாலில் ஜன்னலை ஒட்டி இரண்டு தட்டு வைத்த மர அலமாரி. கீழ்த் தட்டில் ரவுட்டர், மேல் தட்டில் பழைய செய்தித்தாள்கள், அதற்கும் மேலே சுவரில் கடிகாரம். ரவுட்டருக்குப் பின்னால் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "மின் சாதனம். அருகில் நீர் கூடாது." கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு. போன வருஷம் மகள் தன் லேப்டாப் மேல் அரை டம்ளர் டீயைக் கொட்டிவிட்டாள். லேப்டாப் மறுநாளே பிழைத்துக்கொண்டது. மகள் பிழைக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை, வெளியே கிளம்பினால் ஒரு வார்த்தை, வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்கள் எதிரிலேயே முழுக் கதை.

அந்த மனிதர்தான் ஒரு சனிக்கிழமை காலையில், நடைப்பயிற்சி முடித்து வந்த தாகத்தில், கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஹாலுக்கு வந்தார். கடிகாரம் ஆறு இருபதில் நின்றிருந்தது. மனைவி காய்கறிக் கடைக்குப் போயிருந்தாள், மகள் குளித்துக்கொண்டிருந்தாள். பேட்டரி மாற்ற ஒரு நிமிஷம் போதும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சொம்பை எங்கே வைப்பது? மேல் தட்டில் செய்தித்தாள் மேல் வைத்தார். ஒரு நிமிஷம்தானே. கடிகாரத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே இறக்கும்போது அதன் விளிம்பு சொம்பின் கழுத்தில் இடித்தது.

தண்ணீர் நேராக ரவுட்டரின் முதுகில் இருந்த காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போயிற்று. ஊற்றிய மாதிரியே போயிற்று. நான்கு பச்சை விளக்குகளும் ஒருதடவை சிமிட்டிவிட்டு அணைந்தன.

அவர் பதறிப்போய்ச் சுவர் சுவிட்சை அணைத்து அடாப்டரைப் பிடுங்கினார். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார். அதற்குப் பிறகு செய்ததுதான் அவருக்கே விளங்கவில்லை. துண்டால் தரையைத் துடைத்தார். அலமாரியைத் துடைத்தார். நனைந்த செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பைக் கூடையின் அடியில் திணித்தார். சொம்பை அடுக்களையில் கவிழ்த்து வைத்தார். கடிகாரத்துக்குப் புதுப் பேட்டரி போட்டு மாட்டினார். துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். யாரும் இல்லாத வீட்டில் திருடன்கூட இவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்க மாட்டான். சொல்லத்தான் போகிறோம், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசிக்கிறோம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"அப்பா, நெட் போச்சா? போன்ல வைஃபை காட்டவே மாட்டேங்குது."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ரவுட்டரைத் தூக்கிவிட்டாள். அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஐயோ, தண்ணி! உள்ளே எல்லாம் தண்ணிப்பா!" என்று கத்தியவள், அண்ணாந்து பார்த்தாள். அலமாரிக்கு நேர் மேலே கூரையில் ஒரு பழைய ஈரக்கறை, காய்ந்துபோன இலை மாதிரி பழுப்பாக, பல வருஷமாக இருந்துவந்தது. அவளுக்கு வேறு யோசனையே வரவில்லை.

"மேல் வீட்டு பாத்ரூம்! மறுபடியும் ஒழுகுது!"

அந்த நேரம் பார்த்து மனைவியும் பையோடு உள்ளே வந்தாள். வந்ததும் விஷயத்தைக் கேட்டாள், கூரையைப் பார்த்தாள், முடிவுக்கு வந்தாள். "என்னங்க, ஏறித் தொட்டுப் பாருங்க, ஈரமா இருக்கான்னு."

ஸ்டூல் இன்னும் அங்கேயேதான் கிடந்தது. அவர் ஏறினார். கறையைத் தொட்டார். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. ஆனால் விரல் நுனி ஈரமாக இருந்தது, துண்டைப் பிழிந்த ஈரம். அவர் விரலைப் பார்த்தார். கீழே இரண்டு முகங்கள் அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் மகள், டீக் கதையை மூன்று மாதம் கேட்டவள். அவளுக்குப் பின்னால் சுவரில் இரண்டு கோடு போட்ட சீட்டு.

"லேசா ஈரம் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். மூன்று வார்த்தை.

மகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஒரு கம்பெனிக்காக வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தே செய்யலாம். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லைனில் இல்லையென்றால், நிரந்தரம் ஆவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இணையக் கம்பெனிக்குப் போன் போட்டால் புதுப் பெட்டி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். செல்போன் சிக்னலோ அந்த வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் வரும், அதுவும் ஒற்றைக் காலில் நின்றால் இன்னும் உத்தமம் என்பார்கள்.

மனைவி பையை இறக்கி வைத்த கையோடு மாடிப்படி ஏறினாள். லேப் சார் பின்னாலேயே போனார். தடுக்கத்தான் போனார். பாதிப் படியில் அவள் சேலையைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

மேல் வீட்டில் தையல்காரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். முப்பது வருஷம் கிளட்சை மிதித்து மிதித்து ஒரு முட்டி போய்விட்டது. ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள். காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்பும் வாயில் குண்டூசிகளுமாகக் கதவைத் திறந்தார்.

"ஏம்மா, உங்க பாத்ரூம் தண்ணி எங்க வீட்டு வைஃபை பெட்டி மேல கொட்டி, அது செத்தே போச்சு! என் பொண்ணு வேலை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒருதரம் சொன்னா ஒழுங்கா சரி பண்ண மாட்டீங்களா? கீழே இருக்கறவங்க எல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?"

இன்னும் நிறையச் சொன்னாள். தையல்காரம்மாவால் குறுக்கே பேச முடியவில்லை, வாய் நிறைய ஊசி. ஒவ்வொன்றாக எடுத்து ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஊசியும் வெளியே வந்த பிறகுதான் பேசினார்.

"மன்னிச்சுக்கங்கக்கா. முன்னே ஒருதரம் கசிஞ்சது, பூசிட்டோம். நின்னுருச்சுன்னு நினைச்சேன்." பிறகு மனைவியின் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க சார்."

லேப் சார் தலையாட்டினார்.

"கொத்தனாரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்றேன். அதுவரைக்கும் பாப்பா எங்க வைஃபையிலே வேலை பார்க்கட்டும். கீழே சரியா வராது, இங்கேயே வந்து உக்காரட்டும். தப்பு எங்களுதுதானே."

மனைவியின் கோபம் பாதியில் நின்று எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறியது. "அதுக்கில்லைம்மா..." என்றாள். படி இறங்கும்போது, "நல்ல பொம்பளைதான். ஆனா வீட்டைக் கவனிக்கிறதில்லை" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியம் லேப் சாரின் நெஞ்சில் மீன் முள் மாதிரி குத்தி நின்றது.

அவர் ஒரு கணக்குப் போட்டார். ரவுட்டரை எப்படியாவது உயிர்ப்பித்துவிட்டால் போதும். பெட்டி வேலை செய்தால் பேச்சு அடங்கிவிடும், கொத்தனாரும் வேண்டாம், கசிவும் வேண்டாம், எல்லாரும் மறந்துவிடுவார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. அந்த நினைப்பில் அவருக்கு ஒரு தெம்புகூட வந்தது. இதை நினைத்து அவர் பின்னால் ரொம்பவும் கூசினார்.

அதற்குள் மனைவி ரவுட்டரை அரிசி டப்பாவுக்குள் புதைக்கப் போனாள். "போன் நனைஞ்சா இப்படித்தான் வைப்பாங்க, எங்க அண்ணன் சொல்லியிருக்கான்."

"உங்க அண்ணன் போன் அப்புறம் வேலை செஞ்சுதா?"

அவள் யோசித்தாள். "இல்லை. ஆனா காஞ்சுது."

அவர் ரவுட்டரை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார். கண்ணாடி இழை ஒயரைக் கழற்றி நுனிக்கு மூடி போட்டார். அடியில் நான்கு ரப்பர் பாதங்கள். பின்பக்கத்து இரண்டையும் நகத்தால் உரித்தால் அடியில் திருகாணி. அவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய அடையாள அட்டை ஒன்றை விளிம்பில் செருகி நெம்பினார். பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொன்றாக டக், டக் என்று விட்டுக்கொடுத்தன. உள்ளே பச்சை போர்டு. ஓரங்களில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, சில்லுகளுக்கு அடியில் பளபளத்தது. இவர்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். காய்ந்தால் வெள்ளையாகப் பூத்து, அந்தப் பூப்பே சில்லின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மின்சாரத்தைக் கடத்திவிடும்.

ஆய்வகச் சாவி அவரிடம்தான் இருந்தது. போய் உப்பில்லாத வாலை வடிநீர் ஒரு புட்டியும் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தார். முதலில் வடிநீரால் போர்டை மெல்லக் கழுவி உப்பை இறக்கினார். பிறகு புதுப் பல்துலக்கி ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்து, சில்லுகளின் கால்களுக்கு இடையே ஒரே திசையில் தேய்த்தார். பிறந்த குழந்தையின் தலையைத் துவட்டுகிற மாதிரி தேய்த்தார். மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஹேர் டிரையர் வேணுமாப்பா?"

"வேண்டாம். சூட்டுல பிளாஸ்டிக் வளைஞ்சிடும். வேகமா ஊதினா தண்ணி இன்னும் உள்ளே ஓடிடும். ஃபேன் காத்து போதும், ரெண்டு நாள் இருக்கட்டும்."

"உங்களுக்கு எல்லாம் தெரியுதுப்பா" என்றாள் மகள். டீக் கதைக்குப் பிறகு அவள் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவர் நிமிரவில்லை. போர்டையே தேய்த்துக்கொண்டிருந்தார், தேய்க்க ஒன்றும் இல்லாத இடத்திலும்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா படி இறங்கிவந்து கேட்டார். "பெட்டி பிழைச்சிருமா சார்? செவ்வாய்க்கிழமை கொத்தனார் வர்றேன்னுட்டார். சிரமம் குடுத்துட்டோம், மன்னிச்சுக்கங்க."

மேஜையில் ஃபேன் காற்றில் போர்டு காய்ந்துகொண்டிருந்தது. மனைவி அடுக்களையில் இருந்தாள், மகள் வெளியே போயிருந்தாள். ஹாலில் அவர்கள் இரண்டு பேர்தான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எதுவும் வாய்க்காது. "பரவாயில்லைம்மா" என்றார் லேப் சார். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் அர்த்தம் அவருக்கு உறைத்தது. மன்னித்துவிட்டாராம்!

திங்கட்கிழமை மகள் மேல் வீட்டில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து சொன்னாள்: "அத்தை துணி வெட்டுற மேஜையையே எனக்குக் காலி பண்ணிக் குடுத்துட்டாங்கம்மா. எனக்குப் போன் வந்தா தையல் மெஷினை நிறுத்திடறாங்க. நாள் முழுக்க நிறுத்தி நிறுத்தித்தான் தைச்சாங்க. ரெண்டு சட்டைகூட முடியலை. மாமா இருமறதுக்குக்கூட எழுந்து பால்கனிக்குப் போறேன்னாரு, அந்தக் காலை வெச்சுக்கிட்டு. நான்தான் உக்கார வெச்சேன்."

மனைவி, "பாவம்" என்றாள். லேப் சார் எழுந்து ரவுட்டரைப் பூட்டப் போனார். இன்னும் ஒரு நாள் காயவிடுவது நல்லது என்று தெரியும். கொத்தனார் நாளைக்கு வருகிறார் என்பதும் தெரியும்.

போர்டை உறைக்குள் பொருத்தினார். கொக்கிகளை அழுத்தினார், திருகாணிகளை முடுக்கினார். மின்சாரம் கொடுத்தார். ஒன்றும் இல்லை. நான்கு விளக்கும் குருடு. பிறகு நினைவு வந்து மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரின் முனையில் வைத்தார். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யம். போர்டு நல்லாத்தான் இருக்கிறது. தண்ணீரால் ஷார்ட்டாகி அடாப்டர்தான் செத்திருக்கிறது. பரண் மேல் பழைய ரவுட்டரின் அடாப்டர் ஒன்று இருந்தது. அதன் முதுகில் அச்சடித்திருந்ததை இரண்டு தடவை படித்தார்: அதே வோல்ட், ஆம்பியர் குறைவில்லை, முனையும் அதே அளவு. செருகினார்.

முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது சிமிட்டியது, நின்றது, மறுபடி சிமிட்டியது. பிறகு நான்கும் பச்சையாக நிலைத்து நின்றன. மகள் கைதட்டினாள். "என்னதான் இருந்தாலும் லேப் சார் லேப் சார்தான்" என்றாள் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் செருப்பைக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினார்.

"பெட்டி சரியாயிடுச்சும்மா! இனி கொத்தனார் எல்லாம் வேண்டாம். வரவேண்டாம்னு போன் பண்ணிடுங்க."

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! பாப்பாவுக்குத்தான் கவலைப்பட்டுட்டு இருந்தேன்." ஆனால் தலையை ஆட்டினார். "கொத்தனார் வரட்டும் சார். பெட்டி பிழைச்சது உங்க சாமர்த்தியம். கசிவு கசிவுதானே? நாளைக்கு மறுபடி ஒழுகினா? அக்கா அன்னிக்கு வந்து கேட்டப்போ எனக்கு உயிரே போச்சு. இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால முடியாது. மன்னிச்சுக்கங்க, இதை முடிச்சிடறேன்."

மூன்றாவது மன்னிப்பு. லேப் சார் தலையாட்டினார். படி இறங்கும்போது கால் கூசியது, வெறுங்கால் என்பதால் மட்டும் இல்லை.

மறுநாள் அவர் பள்ளிக்குப் போனார். குடுவைகளை அலமாரியிலிருந்து இறக்கினார், மறுபடி ஏற்றினார். பத்தரை மணிக்கு ஒரு பீக்கர் கை தவறி உடைந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையால் உடைந்த பொருட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விஞ்ஞான ஆசிரியர் எட்டிப் பார்த்து, "யார் உடைச்சது?" என்றார், பிள்ளைகளைப் பார்த்து. "நான்தான்" என்றார் லேப் சார். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! ஆசிரியர், "சரி, கால்ல குத்திக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். லேப் சார் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினார், தலைவலி என்று எழுதிக் கொடுத்தார், வீட்டுக்கு நடந்தார். நடந்தார் என்ன, பாதி ஓட்டம்.

தெருமுனையிலேயே கேட்டது. உளியும் சுத்தியலும். டண், டண், டண். தன் வாசலைத் தாண்டி நேராக மாடி ஏறினார்.

குளியலறைக் கதவு கழற்றிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. தரையில் பாதிக்கு மேல் ஓடு இல்லை. நீலப் பூப்போட்ட ஓடுகள் துண்டு துண்டாக ஒரு மூலையில் குவிந்திருந்தன. கொத்தனார் குந்தியபடி ஒரு குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா முகத்தில் சுண்ணாம்புத் தூசியோடு வாசற்படியில் நின்றார்.

"பைப்பு புதுசு மாதிரி இருக்கும்மா" என்றார் கொத்தனார். "பூச்சும் கல்லாட்டம் இருக்கு. இதுல கசியலை. செவுத்துக்குள்ள போற பைப்பாத்தான் இருக்கணும். செவுத்தையும் ஒடைச்சிப் பார்த்துடவா?"

"உடைங்க. என்னன்னு தெரிஞ்சாகணுமே" என்றார் தையல்காரம்மா.

கொத்தனார் உளியைச் சுவரில் வைத்தார்.

"நிறுத்துங்க" என்றார் லேப் சார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "கசிவு இல்லை. எங்கேயும் கசியலை. நான்தான் கொட்டினேன். சொம்புத் தண்ணி."

கொத்தனார் உளியை எடுக்காமலே திரும்பினார். "எந்தச் சொம்பு?"

"எங்க வீட்டுச் சொம்பு. கடிகாரத்துக்குப் பேட்டரி மாத்தப் போனேன். கை பட்டுடுச்சு."

தையல்காரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அக்கா சொன்னாங்களே, நீங்க தொட்டுப் பார்த்தீங்க, ஈரமா இருந்துச்சுன்னு."

"என் கைதான் ஈரமா இருந்துச்சு."

ஹாலில் நாற்காலியில் இருந்த டிரைவர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தையல்காரம்மா உடைந்த தரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது லேப் சாருக்கு.

"நான் மூணு தடவை மன்னிப்புக் கேட்டேன் சார்" என்றார் மெதுவாக. "மூணு தடவையும் கேட்டுக்கிட்டீங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அந்த வார்த்தை முழுவதையும் அந்த அம்மாளே செலவழித்துவிட்டார், லேப் சாருக்கு மிச்சம் வைக்கவில்லை. "ஓடு, கூலி எல்லாம் என் பொறுப்பும்மா" என்று முணுமுணுத்தார்.

"அது இருக்கட்டும். முதல்ல கீழே போய் அக்காகிட்டச் சொல்லுங்க. என் வீட்டை நான் கவனிக்கலைன்னு அவங்க நினைச்சுட்டு இருப்பாங்க."

கொத்தனார் தொண்டையைச் செருமினார். "அப்போ நான் பூசவா, போகவா?"

கீழே மகள் காதில் ஹெட்போனோடு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்துகிறோம் சார். உடனடியாகக் கவனிக்கிறோம்." அவர் அந்த அழைப்பு முடியும்வரை அடுக்களை வாசலில் நின்றார். மனைவி, "என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட வந்தாள். அவர் கையை விலக்கினார். மகள் ஹெட்போனைக் கழற்றியதும் இரண்டு பேரிடமும் சேர்த்துச் சொன்னார். ஸ்டூல், சொம்பு, துண்டு, குப்பைக் கூடையின் அடியில் திணித்த பேப்பர், ஒன்றையும் விடவில்லை.

மகள் முதலில் சிரித்துவிட்டாள். "அப்போ என்னை மூணு மாசம் ஓட்டினதுக்கு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். சிரிப்பு போய்விட்டது. "அத்தை எனக்காக ஒரு நாள் பூரா மெஷினை நிறுத்தினாங்களேப்பா."

மனைவி சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அடுப்பை அணைத்தாள். "என்னைக் கத்த விட்டுட்டுப் பின்னாடி நின்னீங்க" என்றாள். "என் வாயிலேயிருந்து என்னென்ன வந்துச்சு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க. என்னைப் பத்தி அவங்க என்ன நினைச்சிருப்பாங்க?" கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள். அரைமணி நேரம் கழித்துக் கண் சிவந்து திரும்பி வந்தாள். மேலே என்ன பேசினார்கள் என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. போகிறபோக்கில் சுவரிலிருந்த சீட்டை உரித்துப் போட்டாள். "அஞ்சு நாளைக்கு அவங்க வீட்டுல குளிக்க முடியாது. பூச்சு காயணும். இங்கேதான் வருவாங்க. அந்த அண்ணனைப் படியில இறக்கி ஏத்தறது உங்க வேலை."

ஆக ஐந்து நாள் காலையில் லேப் சார் ஏழு மணிக்கு மாடி ஏறினார். டிரைவருக்குத் தோள் கொடுத்து இறக்குவார். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் நல்ல கால் முதலில், பிறகு கைத்தடி, பிறகு கெட்ட கால் என்று ஏதோ ஒரு முறையை டாக்டர் சொல்லியிருந்தார். அது ஏறுவதற்கா இறங்குவதற்கா என்று தினமும் இரண்டு பேருக்கும் சந்தேகம் வரும். அவர்களைத் தாண்டித் தையல்காரம்மா துண்டும் மாற்றுத் துணியுமாக விறுவிறுவென்று இறங்கிப் போவார். ஓரமாக ஒதுங்கிப் போவாரே தவிர, பார்க்க மாட்டார். கீழே அந்த அம்மாளுக்கும் மனைவிக்கும் பேச்சு கலகலவென்று நடக்கும். லேப் சார் உள்ளே நுழைந்தால் ரேடியோவை அணைத்த மாதிரி நின்றுவிடும். தன் வீட்டு ஹாலில், தான் பிழைக்கவைத்த ரவுட்டர் பக்கத்தில், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பார். கடைசியில் வாசல் பக்கம் போய்விடுவார்.

மூன்றாவது நாள் குளித்துவிட்டுத் திரும்பி ஏறுகையில் ஒன்பதாம் படியில் இளைப்பாற நின்றபோது டிரைவர் சொன்னார்: "அவ பேசக் கொஞ்ச நாளாகும் சார். மனசுல வெச்சுக்காதீங்க. என்கிட்டயே ஒருதரம் எட்டு மாசம் பேசலை."

"எதுக்கு?"

டிரைவர் யோசித்தார். "வேணாம். சொன்னா நீங்களும் என்கிட்டப் பேச மாட்டீங்க."

சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக லேப் சாருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. கீழிருந்து தையல்காரம்மா ஈரத் தலையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். இருவரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள்.

தரை ஓடு பழையது கிடைக்கவில்லை. லேப் சார் நான்கு கடை ஏறி இறங்கினார். அந்த நீலப்பூ இப்போது வருவதே இல்லையாம். பாதித் தரை நீலப்பூவும் பாதித் தரை வெறும் சாம்பலுமாகப் பூசி முடித்தார் கொத்தனார். முழுவதையும் மாற்றிவிடலாம் என்று லேப் சார் சொன்னதற்கு, "இருக்கட்டும், இதுவே போதும்" என்று மகள் மூலம் பதில் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்த அம்மாள் குளிக்கப் போகும்போது அந்தச் சாம்பல் ஓடுகள் கண்ணில் படும் என்ற நினைப்பு அவரைவிட்டுப் போகவே இல்லை. தன் வீட்டில் சொம்பில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், மேலே யாரோ நடப்பது கேட்டால், குடிப்பதை நிறுத்திக் காதுகொடுப்பார்.

மகளுக்கு வேலை நிரந்தரம் ஆயிற்று. இனிப்பு எடுத்துக்கொண்டு முதலில் மேல் வீட்டுக்குத்தான் ஓடினாள். டிரைவர் கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்தார். தெருவில் எதிரே பார்த்தால், "என்ன சார், பிரேக் பிடிக்குதா?" என்று தன் முட்டியைத் தட்டிக் காட்டுவார். தையல்காரம்மா மட்டும் வழியில் பார்த்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுவார். லேப் சாரும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். கேட்காமலே மன்னிப்பு வாங்கியவனுக்குக் கேட்டு வாங்க என்ன உரிமை இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் வாசல் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் தையல்காரம்மா. கழுத்தில் டேப், கையில் காலி வாளி.

"மேல் தொட்டியில தண்ணி இல்லை" என்றார். முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "மோட்டார் போடலையா?"

அந்த வாரம் மோட்டார் போடுவது கீழ் வீட்டு முறை. லேப் சாருக்கு நாக்கு நுனிவரை ஏதேதோ வந்திருக்க வேண்டும்: கரண்ட் இல்லை, மோட்டார் சூடாகியிருந்தது, மகளிடம் சொல்லியிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நான்தான் மறந்துட்டேன்மா" என்றார். "நேத்தே போட்டிருக்கணும். சுத்தமா மறந்துட்டேன். வேற யாரும் இல்லை, நான்தான்."

தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டார். தையல்காரம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டோரம் அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பா, எரிச்சலா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் படி ஏறினார்.

அவர் மோட்டாரைப் போட்டார். வாளியை மோட்டாரடிக் குழாயில் நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் மெல்ல மெல்ல மாடிக்கு எடுத்துக்கொண்டு போய், அவர்கள் கதவோரம் வைத்துவிட்டு, தட்டாமல் திரும்பி வந்தார்.